வேப்பலாங்குறிச்சியில் நாடகம் சாகும் சனிக்கிழமை

வேப்பலாங்குறிச்சி உயர்நிலைப் பள்ளி இந்த வருஷம் எந்த இசை நாடகத்தைப் போடப்போகிறது என்பதை ஊரில் ஒருவர் சரியாக ஊகித்துச் சொல்லிவிட்டால் அந்த நாடகம் செத்துப்போகும். தை மாதம் இரண்டாவது சனிக்கிழமை காலையில் பள்ளி வாசலில் ஊகம் சொல்வார்கள். வீட்டுக்கு ஒரு ஊகம். பெரும்பாலும் வெயில் ஏறுவதற்குள் நாடகம் செத்துவிடும். மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் வீட்டுக்குப் போய்விடலாம்.

செத்த நாடகம் மேடை நடுவில் கிடக்கும். சின்ன நாடகம் என்றால் முயல் அளவு இருக்கும். பாட்டு அதிகம் என்றால் கன்றுக்குட்டி அளவு. உடற்பயிற்சி ஆசிரியர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து அதைச் சுற்றித் தூக்கிக்கொண்டு போவார். பால்குடிப் பிள்ளைகளை எரிப்பதில்லை, புதைப்பதுதான் வழக்கம். மேடை ஏறாத நாடகத்துக்கும் அதே வழக்கம்தான். அறிவியல் கூடத்துக்குப் பின்னால், பூப்பந்து மைதானத்தை ஒட்டிக் குழி வெட்டுவார்கள். மூன்றாம் நாள் தலைமையாசிரியர் போய்ப் பால் தெளித்துவிட்டு வருவார்.

ஆண்டு விழா ஒரு குறையும் இல்லாமல் நடக்கும். நாடகத்துக்கு ஒதுக்கிய நேரத்தில் திரை விலகும். வெற்று மேடையை ஊர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கும். சிறப்பு விருந்தினர் எழுந்து விளக்கு அமைப்பைப் பாராட்டிப் பேசுவார்.

பார்த்துப் பார்த்து ராஜகனி டீச்சருக்கு வயிறு எரிந்தது. இசை ஆசிரியை அவர்தான். நாடகத்தை எழுதுவதும் மெட்டுப் போடுவதும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதும் அவரே. 'உப்பளத்து ராணி' என்று ஒன்று எழுதினார், செத்தது. 'ஓடம் கேட்ட கிளி'யும் செத்தது. கிளிக்கு இரட்டைப் பாட்டு இருந்தது. குழிக்குள் இறக்கியபோது உடற்பயிற்சி ஆசிரியரோடு இன்னொருவரும் கைகொடுக்க வேண்டியிருந்தது.

சாவைக்கூட அவர் பொறுத்துக்கொள்வார். பொறுக்க முடியாமல் இருந்தது துக்கம் விசாரிப்புதான். சனிக்கிழமை காலையில் வாசலில் நின்று ஊகம் சொன்ன அதே ஆட்கள் சாயங்காலம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்கு வருவார்கள். வாங்க என்று அவர் சொல்லக் கூடாது. போயிட்டு வாறோம் என்று அவர்களும் சொல்லக் கூடாது. சற்று நேரம் உட்கார்ந்திருந்து, கிளி பாவம், நல்ல கிளி, என்று சொல்லிவிட்டு எழுந்து போவார்கள். அவர்களுக்குக் காப்பி கொடுக்கவும் முடியாது, கதவைச் சாத்தவும் முடியாது.

சரியான ஊகம் சொல்கிறவர் எப்போதும் பிச்சையா அண்ணாச்சிதான். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பாட்டில் அவருக்கு விருப்பம் கிடையாது. நாடகம் என்று ஒன்றை வாழ்க்கையில் பார்த்ததும் கிடையாது. இரவு எட்டு மணிக்குப் படுத்துவிடுவார். ஊர் முழுவதும் ஊகம் சொல்லி ஓய்ந்த பிறகு, கடைசி ஆளாக வாசலுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நாடகத்தின் பெயரைச் சொல்வார். முந்தியே அவர் சொல்லிவிட்டால் மற்றவர்களுக்கு வேலை இல்லாமல் போய்விடும் என்பதால் அந்த மரியாதை. சொன்னதும் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவருக்குப் பொன்னாடை போர்த்துவார்.

டீச்சர் எத்தனையோ செய்து பார்த்தார். ஒரு வருஷம் நாடகத்தின் பெயரை யாரிடமும் சொல்லவில்லை. பாட்டுகளை வார்த்தை இல்லாமல் முனகியே கற்றுக்கொடுத்தார். ஒருவர் பாடுவது இன்னொருவருக்குத் தெரியாதபடி ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாக அழைத்துச் சொல்லிக் கொடுத்தார். பிச்சையா வந்து செருப்பைக் கழற்றினார், 'பனங்காட்டுச் சுயம்வரம்' என்றார். செத்தது. அடுத்த வருஷம் டீச்சர் வீம்புக்கு எந்த நாடகத்தையும் எழுதாமல் இருந்தார். பிச்சையா வெகு நேரம் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "இந்த வருஷம் ஒண்ணும் இல்ல" என்றார். அது சரி என்பதால் அந்த ஒன்றுமில்லாததும் செத்தது. உடற்பயிற்சி ஆசிரியர் வெறும் துண்டைப் புதைத்துவிட்டு வந்தார். அந்த ஆண்டு விழாவில் பார்ப்பதற்கு வெற்று மேடைகூட இல்லை. நாற்காலிகளைச் சுற்றுச்சுவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

இதில் அநியாயம் என்னவென்றால், சாகிற நாடகம் சும்மா சாவதில்லை. கதாநாயகியாகப் பாடுகிற பிள்ளையின் ஸ்வரம் ஒன்றைக் கூடவே கொண்டுபோய்விடும். கைக்குழந்தை அகப்பட்ட விரலைப் பிடித்துக்கொள்வது போல அது பிடித்துக்கொள்ளும், விடாது. இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கும் முப்பிடாதிக்கு ஏழாம் வகுப்பில் நிஷாதம் போயிற்று. போன வருஷம், ஒன்பதாம் வகுப்பில், 'மூன்று கிணற்றுச் சண்டை' மத்யமத்தைக் கொண்டுபோனது. மிச்சம் இருந்தவை ச, ரி, க, ப, த. அவை ஐந்தும் சேர்ந்தால் மோகனம். ஆகையால் முப்பிடாதி எதைப் பாடினாலும் மோகனத்தில்தான் பாடினாள். அவள் வீட்டு ஆடுகளைக் கூப்பிடுவதும் மோகனத்தில்தான். ஆடுகளுக்குப் பழகிவிட்டது.

ஐந்து ஸ்வரத்துக்குக் குறைந்தால் ராகம் கிடையாது. இன்னும் ஒரு நாடகம் செத்தால் முப்பிடாதி அதற்குப் பிறகு பேசலாம், சிரிக்கலாம், பாட முடியாது. வேறு யாரையாவது பாட வைக்கிறேன் என்று டீச்சர் சொல்லிப் பார்த்தார். அந்தப் பெண் கேட்கவில்லை. பத்தாம் வகுப்போடு இந்தப் பள்ளி முடிகிறது, மேடையில் ஒரு தடவையாவது பாடிவிட்டுத்தான் போவேன் என்றாள்.

"எனக்கு இன்னும் அஞ்சு இருக்குல்லா டீச்சர்" என்றாள்.

டீச்சர் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்துக்குப் போனார். ஊகம் சொல்வதை இந்த ஒரு வருஷம் நிறுத்த வேண்டும் என்று கேட்டார். தலைவர் குத்தாலிங்கம் அரிசி மில் வைத்திருக்கிறவர், நிதானமானவர். அவர் பொறுமையாகவே பதில் சொன்னார். நாடகம் போடுவது பள்ளியின் உரிமை, ஊகிப்பது ஊரின் உரிமை. பொங்கல் முடிந்து சிவராத்திரி வருகிற வரைக்கும் ஊருக்கு வேறு என்ன இருக்கிறது? டீக்கடையில் எதைப் பேசுவார்கள்? நீங்கள் யாரும் இதுவரை ஒரு நாடகத்தைக்கூடப் பார்த்ததில்லையே என்று டீச்சர் கேட்டார். ஊகித்தாலே பார்த்த மாதிரிதான் என்றார் குத்தாலிங்கம். கூட்டம் தலையாட்டியது. முப்பிடாதியின் தொண்டை என்ன ஆவது என்று கேட்டார் டீச்சர்.

"மோகனம் நல்ல ராகம்லா டீச்சர். அதுவும் போச்சுன்னா என்ன, பொம்பளப் பிள்ள. பாடித்தான் கரையேறணுமா?" என்றார் குத்தாலிங்கம்.

டீச்சருக்கு வந்த ஆத்திரத்தில் மேஜைமேல் இருந்த தண்ணீர் டம்ளர் தானே நகர்ந்து அவர் கைக்கு வந்து நின்றது. அவர் அதை எடுத்துக் குடித்துவிட்டு வெளியே போனார்.

நேராகப் பிச்சையாவின் வீட்டுக்குத்தான் போனார். அந்த வீட்டில் ஜன்னல்களுக்கும் உள்வாசல்களுக்கும் பொன்னாடைகளைத் திரையாகப் போட்டிருந்தார்கள். டிவி பெட்டிக்கும் ஒன்று போர்த்தியிருந்தது. பிச்சையா நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அவர் மனைவி கோமதி மோர் கொண்டுவந்து வைத்தாள்.

டீச்சர் சுற்றி வளைக்கவில்லை. இந்தத் தடவை தப்பாக ஒரு பெயரைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என்றார். பிச்சையா அதைக் கேட்டுப் புண்பட்டுப்போனார்.

"கம்பத்துல ஏறி வேல பாத்தவன் நான். அங்கன தப்புன்னா பொணந்தான் எறங்கும். என்னயப் போயித் தப்பாச் சொல்லுன்னு கேக்கிய."

"அப்ப வராம இருங்க."

"வீட்டுக்கு ஒரு ஊகம் டீச்சர். நான் வரலன்னா என் வீடு ஊர்ல இல்லன்னு ஆயிரும்."

நாடகம் என்றால் உங்களுக்கு என்ன பகை என்று டீச்சர் கேட்டார். பகையெல்லாம் இல்லை, சத்தம்தான் ஒத்துக்கொள்ளாது, ஊகம் என்றால் சத்தம் இல்லாமல் முடிந்துவிடுகிறது என்றார் அவர். கோமதி இடையில் வந்து கணவருக்காகப் பரிந்து பேசினாள். அவர் வேண்டுமென்று செய்வதில்லை, அந்தச் சனிக்கிழமை காலையில் எழுந்திருக்கும்போதே பெயர் வாய்க்குள் இருக்கும். ஒரு தடவை அடக்கிப் பார்த்தார். விக்கல் எடுத்து, பல் துலக்கக்கூட முடியாமல் போயிற்று.

டீச்சர் மோரைத் தொடவில்லை. எழுந்தார். சாவு வீட்டிலிருந்து கிளம்புவது போல, போயிட்டு வாறேன் என்று சொல்லாமல் படியிறங்கினார். அதன் அர்த்தம் இருவருக்கும் தெரிந்தது. பிச்சையா வாசல் வரைக்கும் வரவில்லை.

வழியெல்லாம் டீச்சர் மனதுக்குள் ஊரைத் திட்டிக்கொண்டே போனார். அப்படித் திட்டிக்கொண்டு போனதில்தான் அவருக்கு அது பிடிபட்டது. நாடகம் எதுவென்று தெரிந்தால்தானே சாகும். தெரிகிற நேரத்தில் அது முடிந்திருந்தால் சரிதான். வாசலில் முதல் ஊகம் சொல்லும்போது திரை எழ வேண்டும், சரியான ஊகம் அதன் கடைசி வசனமாக இருக்க வேண்டும். ஊர் பள்ளி வாசலில் கூடி நாடகத்தை ஊகிப்பதுதான் இந்த வருஷத்து நாடகம். நடிப்பதற்குத் தனியாக ஆள் தேட வேண்டியதில்லை. ஒத்திகையும் வேண்டாம், ஊர் வருஷக் கணக்கில் ஒத்திகை பார்த்திருக்கிறது. முப்பிடாதிக்கு மட்டும் பாட்டுகளை எழுதி, எல்லாவற்றையும் மோகனத்தில் அமைத்துக் கொடுத்தார். வேறு யாரிடமும் சொல்லவில்லை. பிச்சையா வழக்கம்போலக் கடைசியில் வருவார், அதற்குள் பாட்டு முடிந்துவிடும்.

அந்தச் சனிக்கிழமை பிச்சையா முதல் ஆளாக வந்தார்.

டீச்சர் அப்போதுதான் பள்ளி வாசலில் பாயை விரித்து ஆர்மோனியத்தை வைத்திருந்தார். முப்பிடாதி பக்கத்தில் நின்றாள். ஊர் வந்து வரிசை கட்டத் தொடங்கியிருந்தது. பிச்சையா பட்டு வேட்டி கட்டியிருந்தார், கோமதி தலை நிறையப் பூ வைத்திருந்தாள். சங்கரன்கோவிலில் அவர்கள் வகையில் ஒரு கல்யாணம், பஸ் வந்துவிடும், சொல்லிவிட்டுக் கிளம்புகிறேன் என்று வரிசையைத் தாண்டி நேராக வாசலுக்கு வந்தார். செருப்பைக் கழற்றினார். வாயைத் திறந்தார்.

"வரிசைல நில்லுங்க அண்ணாச்சி" என்றார் டீச்சர்.

பிச்சையாவிடம் அப்படி யாரும் சொன்னதில்லை. அவர் வாய் திறந்தபடியே நின்றது. குத்தாலிங்கம் ஓடி வந்தார். அண்ணாச்சிக்கு பஸ் இருக்கிறது, முதலில் சொல்லிவிடட்டும் என்றார். பாதி ஊர் அதுதான் நியாயம் என்றது. மீதி ஊர், விடிந்ததும் வந்து நிற்கிற நாங்கள் என்ன இளிச்சவாயர்களா, அவர் சொல்லிவிட்டால் நாங்கள் எதை ஊகிப்பது என்று கேட்டது. வரிசை இரண்டாக உடைந்து எதிரெதிரே நின்றது. டீச்சரின் இடது கை ஆர்மோனியத்தின் துருத்தியை விடவில்லை. வலது கை ஷட்ஜமத்தில் நின்றது. முப்பிடாதி இரண்டு கட்சிக்கும் நடுவில் போய் நின்று, எழுதிக் கொடுத்த முதல் பாட்டை எடுத்தாள். அந்தப் பாட்டில் சண்டை கிடையாது. ஆனாலும் பொருந்தியது.

பிச்சையா மறுபடியும் வாயைத் திறந்தார். டீச்சர் எழுந்து நின்றார். எழுந்தபோது ஆர்மோனியமும் கூடவே எழுந்து அவர் இடுப்பு உயரத்தில் நின்றது. வாசித்துக்கொண்டே அவர் பேசினார்.

"உப்பளத்து ராணிய நீங்க பாத்தியளா? கிளியப் பாத்தியளா? காலைல கொன்னுட்டு சாயங்காலம் எழவு கேக்க வாறியளே, ஒரு நாளாவது வெக்கப்பட்டியளா? இந்தப் பிள்ள தொண்டைல ரெண்ட எடுத்தாச்சு. அது கொரலுக்கு வெல பொன்னாடையா? ஒங்க வீட்டு ஜன்னல்ல தொங்குதே, அத்தனையும் கோடித்துணி அண்ணாச்சி. நல்லது பொல்லாதது பாக்கத் தெரியாத ஊருக்கு ஊகம் என்ன கேடு?"

இதில் ஒரு சொல்கூட அவர் எழுதி வைத்ததல்ல. ஆனால் கோபமும் மோகனத்தை விட்டு விலகாமல் இருந்தது. கூட்டத்தில் யாரோ ஒருவர் தலையை அசைத்துத் தொடையில் தாளம் போட்டார். பிச்சையாவின் முகம் சிவந்து கறுத்தது. தெருமுனையில் பஸ் வந்து நின்று ஹார்ன் அடித்தது. கோமதி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் கையை உதறினார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வரிசையின் கடைசியில் போய் நின்றார். பஸ் போய்விட்டது.

அவர் நின்ற பிறகு மற்றவர்களும் ஒழுங்காக நின்றார்கள். ஒவ்வொருவராக வந்து ஊகம் சொன்னார்கள். 'தபால்காரன் தவம்' என்றார் பால் சொசைட்டிக்காரர். 'ஏழு மருமகன்' என்றாள் பூக்காரி. 'குதிரைக்குக் காது குத்து' என்றார் குத்தாலிங்கம். அவர் எல்லா வருஷமும் அதையே சொல்வார். ஒவ்வொரு பெயரையும் முப்பிடாதி வாங்கி, ஒரு வரி பாடி, இல்லையென்று திருப்பிக் கொடுத்தாள். பின்னால் பிச்சையாவுக்கு விக்கல் எடுத்துக்கொண்டிருந்தது. வரிசை நகர நகர விக்கல் நெருங்கி வந்தது. டீச்சர் அதற்கும் தாளத்தில் இடம் விட்டு வாசித்தார்.

பிச்சையாவுக்கு முன்னால் நின்றவர் சொல்லி முடித்து விலகியதும் முப்பிடாதி கடைசிப் பாட்டைத் தொடங்கினாள். பிச்சையா வாய்மேல் துண்டை வைத்து அழுத்திக்கொண்டார். விக்கல் தோளைத் தூக்கிப் போட்டது. அவள் அவசரப்படவில்லை. சரணத்தை முழுதாகப் பாடினாள். மேல் ஷட்ஜமத்துக்குப் போய் வேண்டிய மட்டும் நின்றாள். இறங்கிவந்து பஞ்சமத்தைத் தொட்டுக் கீழ் ஷட்ஜமத்தில் முடித்தாள். டீச்சர் துருத்தியை மூடினார்.

பிச்சையா துண்டை எடுத்தார்.

"இப்ப இங்கன நடந்துச்சே, இதான்" என்றார்.

நாடகம் வாசலிலேயே விழுந்தது. பசுமாட்டு அளவு இருந்தது. அது பிள்ளையாகச் சாகவில்லை. பல் தேய்ந்து, தோல் சுருங்கி, பேரன் பேத்தி கண்ட உடம்பாகக் கிடந்தது. உடற்பயிற்சி ஆசிரியர் குனிந்து பார்த்துவிட்டுத் துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார். இது புதைக்கிற சாவு இல்லை, கல்யாணச் சாவு என்றார். மேளத்துக்கு ஆள் போயிற்று. குத்தாலிங்கம் கையில் வைத்திருந்த பொன்னாடையை யாருக்குப் போர்த்துவது என்று சுற்றுமுற்றும் பார்த்தார். டீச்சர் அதைப் பிடுங்கி நாடகத்தின்மேல் போட்டார். பூ இறைத்து, ஆடிக்கொண்டே ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் எரித்தார்கள். பிச்சையாவும் ஒரு பக்கம் தோள் கொடுத்தார். கனமாக இருந்தது என்று சொன்னார்.

ஆற்றங்கரையிலேயே டீச்சர் முப்பிடாதியைப் பாடிக் காட்டச் சொன்னார். ச, ரி, க, ப, த. ஐந்தும் இருந்தன. மத்யமமும் நிஷாதமும் திரும்பி வரவில்லை. அவை எப்போது வரும், யார் பொறுப்பு என்று டீச்சர் புகை நடுவே நின்று குத்தாலிங்கத்தைக் கேட்டார். அடுத்த கூட்டத்தில் வைத்துப் பேசலாம் என்றார் அவர். இப்போதே பேசுங்கள் என்றார் டீச்சர். முப்பிடாதி ஆற்றில் கால் நனைத்தபடி, ஒருவரும் கேட்காமலே, இன்னொரு தடவை பாடினாள்.

திங்கட்கிழமை காலையில் கல்வி அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார். பள்ளி நாடகத்தில் மாணவர் அல்லாதவர்கள் நடிக்கக் கூடாது என்பது விதி. நடித்துவிட்டவர்களை மாணவர்களாக்குவதைத் தவிர அலுவலகத்துக்கு வேறு வழி இல்லை. மத்தியானத்துக்குள் ஊர் முழுவதையும் வகுப்புவாரியாகப் பிரித்து உட்கார வைத்தார்கள். குத்தாலிங்கத்துக்கு எட்டாம் வகுப்பு கிடைத்தது. பிச்சையாவையும் கோமதியையும் ஆறாம் வகுப்பு 'பி' பிரிவில் போட்டார்கள். அது ராஜகனி டீச்சரின் வகுப்பு. பிச்சையா தண்ணீர் குடிக்கப் போக வேண்டும் என்று கையைத் தூக்கினார். மணி அடித்த பிறகு போகலாம் என்றார் டீச்சர். அன்று ஸ்வர வரிசையை வீட்டில் எழுதி வரச் சொன்னார், மறுநாள் பிச்சையா எழுதி வரவில்லை. கேட்டதற்கு, சத்தம் ஒத்துக்கொள்ளாது என்றார்.

நாலு மணிக்கு நீண்ட மணி அடித்தது. ஊரின் வீடுகள் எல்லாம் பள்ளி வாசலில் வந்து காத்து நின்றன. ஓட்டு வீடுகள் வேப்பமரத்து நிழலில் நின்றன. மாடி வீடுகள் வெயிலிலேயே நின்றன. காவலாளி ஒரு மச்சு வீட்டைப் பார்த்து, வழியை விட்டுத் தள்ளி நில் என்றார். தங்கள் ஆட்கள் வெளியே வந்ததும் ஒவ்வொரு வீடும் அவர்களை உள்ளே விட்டுக்கொண்டு புறப்பட்டது.

பிச்சையா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தன் வீட்டைப் பார்த்து நடந்தார். டீச்சர் அவரை நிறுத்திவிட்டு, அந்த வீட்டின் முன்னால் போய் நின்றார்.

"ஒங்க பையன் வீட்டுப்பாடம் எழுதிட்டு வரல. கேட்டா எதுத்துப் பேசுதான். வீட்ல கொஞ்சம் பாத்துக்கிடணும்" என்றார்.

வீடு தன் முன்கதவை ஒரு தடவை மூடித் திறந்தது. பிறகு பிச்சையாவை உள்ளே கூட்டிக்கொண்டு, வழியில் எங்கும் நிற்காமல், வடக்குத் தெருவைப் பார்த்து நடந்தது.